கொடுத்த காசுக்கு மோசமில்லை: திருப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாவா வகுப்பு

சர்டிபிகேட் வேண்டும், காலேஜில் காட்ட ஒரு பிராஜெக்ட் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இந்த சென்டர் சரிப்படாது. அதற்கெல்லாம் அவிநாசி ரோட்டில் வேறு இடங்கள் இருக்கின்றன. ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதின புரோகிராம் ஓடுகிறது, சிவப்பு எழுத்தில் எந்தத் திட்டும் விழவில்லை, ஆனால் திரையில் வருகிற எண் மட்டும் கோக்குமாக்காக இருக்கிறது, ஏன் என்று புரியாமல் முழிக்கிறீர்களா? அப்படியானால் தாராளமாக வாங்க. என் மார்க் 5-க்கு 4. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நான் பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவன். படித்தது பி.காம். சனிக்கிழமை சம்பளக் கவர் போட்டு முடித்தால் ஞாயிறு லீவு. கம்பெனிக்கு வாங்கின சாஃப்ட்வேரில் ஒரு வரி மாற்றுவதற்குக்கூடக் கோயமுத்தூரிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது. வந்தவர் கால் மணி நேரம் தட்டிவிட்டு பில்லை நீட்டுகிறார். அப்படி என்னதான் தட்டுகிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் ஜாவா பக்கம் வந்தேன்.

இடம் பி.என். ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற தெருவில். கீழே லேபிள் அச்சடிக்கிற கடை, மேலே இரண்டாவது மாடியில் வகுப்பு. சொல்லித்தருவது மேடம் ஒருத்தர்தான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பேச்சு மட்டும் பெங்களூருக்குப் போகவே இல்லை போலிருக்கிறது, அச்சு அசல் நம்மூர்.

ஒவ்வொரு கீபோர்டுக்கும் பக்கத்தில் கிளிப் போட்ட தாள் கட்டு ஒன்று இருக்கும். கட்டிங் டேபிளில் மிச்சமாகும் மார்க்கர் பேப்பரைத் துண்டு போட்டு வைத்திருக்கிறார். ரன் பட்டனைத் தொடுவதற்கு முன்னால், திரையில் என்ன வரப்போகிறது என்பதை வரி வரியாக அந்தத் தாளில் எழுதவேண்டும். எழுதாமல் ஓட்டிவிட்டு "மேடம், தப்பா வருதுங்க" என்றால் திரையை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். "தப்புன்னு எப்படிங்க சொல்றீங்க? என்ன வரோணும்னு நெனச்சீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல" என்பார். சொல்லமுடியாது. பாதிப் பேருக்கு அங்கேயே விஷயம் விளங்கிவிடும்.

இதற்கு முன்னால் வேறொரு சென்டரில் கொஞ்ச நாள் போனேன், பெயர் வேண்டாம். அங்கே தப்பு என்று கையைத் தூக்கினால் சார் வந்து கீபோர்டை வாங்கிக்கொள்வார். டகடகவென்று எதையோ மாற்றுவார், சரியாகிவிடும், போய்விடுவார். அடுத்த வாரம் அதே தப்பு வேறு வேஷத்தில் வரும். இந்த மேடம் மாணவர்களின் கீபோர்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

புதிதாகச் சேர்கிறவர்களிடம் என்ன தொழில் என்று கேட்டு, அந்தத் தொழில் கணக்கிலேயே ஒரு புரோகிராம் எழுதித் தருவார். பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். உள்ளே ஒரு கோளாறு ஒளிந்திருக்கும், அதைச் சொல்லமாட்டார். எனக்கு வந்தது ஷிப்ட் கணக்கு. திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே கூலி ஷிப்ட் கணக்கில் ஓடுகிறது. 8 மணி நேரம் ஒரு ஷிப்ட், இன்னும் 4 மணி நேரம் நின்றால் ஒன்றரை. ஷிப்டுக்கு 550 ரூபாய் என்றால் 12 மணி நேரம் தைத்த டெய்லருக்கு 825 போகவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கணக்கு. தாளில் 825 என்று எழுதிவிட்டு ஓட்டினேன். திரையில் 550.0.

மேடம் வந்து தாளைப் பார்த்தார். "அரை ஷிப்ட் எங்கீங்ணா போச்சு?"

"தெரியலைங்க மேடம்."

"எந்த வரி வரைக்கும் இருந்துச்சுன்னு பாருங்க. பாத்துட்டுக் கூப்புடுங்க." போய்விட்டார்.

அவர் முறை எளிமையானது. சந்தேகப்படுகிற ஒவ்வொரு கணக்குக்கும் கீழே ஒரு பிரிண்ட் வரி போடவேண்டும். வெறும் எண்ணாகப் போடக்கூடாது, பெயரோடு போடவேண்டும். போட்டேன். மணி 12 என்று வந்தது. ஷிப்ட் 1.0 என்று வந்தது. சம்பளம் 550.0. ஆக, மணி சரி, ஷிப்ட் சரியில்லை. கோளாறு அந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான், அதாவது 12-ஐ 8-ஆல் வகுக்கிற ஒரே இடத்தில். சம்பளம் போடுகிற வரியை இனி நான் பார்க்கவேண்டியதே இல்லை.

குழப்பியது அந்த 1.0. தசமப் புள்ளியோடு வருகிறதே, ஷிப்ட் என்பதை டபுள், அதாவது தசம எண் வைக்கிற வகை, என்றுதானே எழுதியிருக்கிறது, பிறகு எப்படி அரை போகும்? மேடம் சொன்ன பதில்: "டப்பா பெருசுதானுங்க. ஆனா டப்பாவுல போடறதுக்கு முன்னாலயே அரையைத் தட்டிக் கொட்டியாச்சே." 12-ம் முழு எண், 8-ம் முழு எண். இரண்டு பக்கமும் இன்ட் (முழு எண் வகை) என்றால் ஜாவா முழு எண்ணாகத்தான் வகுக்கும், மீதியை அங்கேயே விட்டுவிடும். வந்த 1-ஐ டபுளில் வைக்கும்போது 1.0 ஆகிறது, அவ்வளவுதான். 8-ஐ 8.0 என்று எழுதினால் போதும், ஒன்றரை வந்துவிடும். மொத்த விடைக்கும் வெளியே டபுள் என்று மாற்றிப் போட்டால் பலனில்லை. வகுப்பதற்கு முன்னால் ஒரு பக்கத்தையாவது மாற்றவேண்டும். ஒரு கம்பெனியில் இந்தப் புரோகிராமை அப்படியே ஓட்டினால் சனிக்கிழமை சாயங்காலம் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கேட் வரைக்கும் சத்தம் கேட்கும்.

அடுத்த சீட்டில் அவிநாசியிலிருந்து வருகிற ஒரு தங்கச்சி, பி.சி.ஏ. படிக்கிறது. அதற்கு வந்தது சைஸ் லேபிள். எஸ், எம், எல் மூன்றையும் ஒட்டுக்கா ஒரே வரியில் அச்சிடவேண்டும். மூன்றையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து நடுவில் கூட்டல் குறி போட்டிருந்தது. ஓட்டினால் 236. பிள்ளை பயந்துவிட்டது. லேபிளில் எண்ணா? ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பது ஜாவாவுக்கு எழுத்தாகவும் தெரியும், எண்ணாகவும் தெரியும். எஸ் 83, எம் 77, எல் 76. கூட்டச் சொன்னோம், கூட்டிவிட்டது. முன்னால் ஒரு வெறும் ஸ்ட்ரிங்கை (இரட்டை மேற்கோளுக்குள் வைக்கிற எழுத்துத் தொடர்) வைத்துவிட்டால் ஒட்டு வேலை செய்யும். இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. "மொத்தம்" என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 240-ஐயும் 60-ஐயும் கூட்டல் குறியோடு வைத்தால் 24060 என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. எண்ணை முதலில் வைத்து "பீஸ்" என்பதைக் கடைசியில் வைத்தால் ஒழுங்காக 300 பீஸ். இடமிருந்து வலமாகப் போகிறது. ஸ்ட்ரிங்கைச் சந்திக்கிற வரைக்கும் கூட்டல், சந்தித்த பிறகு ஒட்டல். நடுவில் ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டால் தீர்ந்தது.

பீஸ் ரேட் கணக்கில் மட்டும் மேடத்தோடு நான் கொஞ்சம் மல்லுக்கட்டினேன். பீஸுக்கு 1.10 ரூபாய், மூன்று பீஸ். ஜாவா சொல்வது 3.3000000000000003. இரண்டு தசமத்தோடு அச்சிடச் சொன்னால் 3.30 என்று அழகாக வருகிறதே, அதோடு விடலாமே என்றேன். கேட்கவில்லை. "பாக்கறதுக்குத்தானுங்க அழகு. உள்ள அப்படியேதான் இருக்குது" என்றார். டபுளில் 1.10 என்பது இரண்டின் அடிமானத்தில் துல்லியமாக உட்காராது, கிட்டத்தட்ட ஒரு எண்தான் உள்ளே இருக்கும். காசு என்றால் பைசாவாக்கி முழு எண்ணில் வை, 110 பைசா, இல்லாவிட்டால் தசமத்தைத் துல்லியமாக வைக்கிற பிக்டெசிமல் பக்கம் போ என்பது அவர் கட்சி. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. டேலியாகாத ஒரு பைசாவைத் தேடி ராத்திரி உட்கார்ந்தவர்களுக்குப் புரியும்.

ஊத்துக்குளியிலிருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வருகிறார். மேடத்தை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார், மேடமும் "சொல்லுங்கய்யா" என்பார். அவர் மாடு கன்று கணக்குக்கு ஒரு கிளாஸ் (ஒரு பொருளில் என்னென்ன இருக்கும் என்று சொல்கிற ஜாவா அச்சு) எழுதியிருந்தார். மாட்டை அச்சிடச் சொன்னால் 'மாடு' என்று வந்து, பக்கத்தில் ஒரு அட் குறி, அதற்குப் பின்னால் எண்ணும் எழுத்தும் கலந்த வால். "என்ன அம்மிணி, என்ற மாட்டுக்கு ரெஜிஸ்டர் நம்பர் போட்டுட்டுதா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அது மெமரி முகவரி என்று பின்னாலிருந்து ஒரு பையன் சொன்னான், நிறைய இடத்தில் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். மேடம் விடவில்லை. அது ஹேஷ்கோட், ஒவ்வொரு பொருளுக்கும் ஜாவா போடுகிற ஒரு எண், பதினாறின் அடிமானத்தில் எழுதியது. முகவரி என்று நம்பிக்கொண்டு எதையும் செய்யாதே என்றார். நாம் எப்படி அச்சிடவேண்டும் என்று டூஸ்ட்ரிங் எழுதித் தராததால், ஜாவா தன்னிடம் இருந்ததைக் காட்டியது. வரிசையாக எண்களை வைத்த அரேயை அச்சிட்டாலும் இதே மாதிரி வால்தான் வரும். அதற்கு அரேஸ் கிளாஸில் இருக்கிற டூஸ்ட்ரிங்கைக் கூப்பிடவேண்டும்.

நான் இந்த வகுப்பை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதற்குக் காரணம் பல்லடத்துப் பையனின் டோக்கன் கணக்குதான். அவன் அப்பா தையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர், 140 பேர். அப்பாவுக்காகப் பையன் ஒரு வருகைப் புரோகிராம் எழுதினான். ஒரு லிஸ்டில் எல்லா டோக்கன் நம்பரும் (தொழிலாளிக்கு ஆளுக்கொரு நம்பர்), இன்னொரு லிஸ்டில் அன்றைக்கு வந்தவர்களின் டோக்கன் நம்பரும். இரண்டும் ஒன்றானால் 'வந்தார்', இல்லாவிட்டால் 'ஆப்சென்ட்'. பத்து டோக்கனை வைத்துச் சோதித்தான், எல்லாம் சரி. 140-ஐயும் போட்டான். எல்லோரும் வந்த நாள் அது, ஆனால் கடைசியில் ஒரு கும்பலே ஆப்சென்ட்.

யாரிடமாவது சொன்னால் டேட்டா தப்பாக இருக்கும் என்பார்கள். அவனும் அதைத்தான் நினைத்தான், நம்பர் நம்பராக மறுபடி தட்டப்போனான். மேடம் தடுத்தார். "எல்லாத்தையும் எதுக்குப் பாக்கறே கண்ணு? எங்க மாறுதோ அந்த எடத்த மட்டும் பாரு." 120-லிருந்து 135 வரைக்கும் மட்டும் அச்சிடச் சொன்னார். நாங்கள் எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவன் பின்னால் போய் உட்கார்ந்தோம். 126 வந்தார். 127 வந்தார். 128 ஆப்சென்ட். 129 ஆப்சென்ட். அங்கிருந்து கடைசி வரைக்கும் ஆப்சென்ட்தான்.

"127-ங்கற நம்பரை எங்க பாத்த?" என்று கேட்டுவிட்டு மேடம் டீ குடிக்கப் போய்விட்டார். இது அவர் பழக்கம், எனக்குக் கொஞ்சம் எரிச்சலான பழக்கம். அவர் திரும்பி வருவதற்குள் அவிநாசித் தங்கச்சி சொல்லிவிட்டது: பைட் என்ற சின்ன முழு எண் வகையின் எல்லை, -128-லிருந்து 127 வரை. ஆனால் புரோகிராமில் எங்கேயும் பைட் இல்லையே?

லிஸ்டுக்குள் வெறும் இன்ட் போகாது, இன்டிஜர் என்ற பொருளாக (ஆப்ஜெக்ட்) மாறித்தான் போகும். இரண்டு சமக்குறி போட்டு இரண்டு பொருளை ஒப்பிட்டால், ஜாவா மதிப்பைப் பார்க்காது, இரண்டும் ஒரே பொருள்தானா என்று பார்க்கும். -128-லிருந்து 127 வரையான எண்களுக்கு மட்டும் ஜாவா ஏற்கனவே செய்து வைத்த பொருளையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறது, அதனால் 'ஒன்றுதான்' என்று பதில் வருகிறது. 128-லிருந்து வழக்கமாக ஒவ்வொரு தடவையும் புதுப் பொருள். மதிப்பு ஒன்று, பொருள் வேறு, ஆகவே ஆப்சென்ட். சமக்குறிக்குப் பதிலாக, மதிப்பை ஒப்பிடுகிற ஈக்வல்ஸ் போட்டதும் 140 பேரும் வந்துவிட்டார்கள். சின்ன எண்ணை வைத்துச் சோதித்தால் சாகும்வரை பிடிபடாத கோளாறு இது. 100 பேர் இருக்கிற யூனிட்டில் வருஷக்கணக்கில் ஓடியிருக்கும், 28 பேர் எச்சா சேர்த்த மாதம் கலாட்டா.

மற்ற சில்லறைக் கோளாறுகளை மேடம் வேகமாகத் தள்ளிவிடுவார், நானும் தள்ளிவிடுகிறேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிற ஃபார் வரியின் கடைசியில் ஒரு செமிகோலன் விழுந்துவிட்டால் உள்ளே இருப்பது ஒரே ஒரு தடவைதான் அச்சாகும். ஸ்கேனரில் (கீபோர்டில் தட்டுவதை வாங்கித் தருகிற ஜாவா கிளாஸ்) டோக்கன் நம்பரை வாங்கிவிட்டு அடுத்து பெயரைக் கேட்டால், கேட்காமலே தாண்டிப்போகும். நம்பருக்குப் பின்னால் தட்டின என்டர் உள்ளேயே தங்கி, அதையே பெயர் என்று எடுத்துக்கொள்வதால் வருகிற வினை. நடுவில் ஒரு நெக்ஸ்ட்லைன் (வரியின் மிச்சத்தைப் படிக்கிற கட்டளை) போட்டு அதை விழுங்கவேண்டும். எதை மாற்றினாலும் பழைய விடையே வருகிறதென்றால், நீங்கள் திருத்துகிற கோப்பு ஒன்று, ஓடுகிற கோப்பு ஒன்று. அந்தச் சந்தேகம் வந்தால் முதல் வரியிலேயே உங்கள் பெயரை அச்சிடச் சொல்லுங்கள். பெயர் வரவில்லையா, மற்றதைத் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம், மறுபடி கம்பைல் செய்யுங்கள், அதாவது எழுதினதை ஓடுகிற கிளாஸ் கோப்பாக மாற்றுங்கள்.

இனிக் குறைகள்.

முதல் குறை, எல்லா மெஷினிலும் ஜாவா 8. 2014-ல் வந்தது. இன்னும் நிறையக் கம்பெனிகளில் அதுதான் ஓடுகிறது என்பது மேடத்தின் வாதம், அது உண்மைதான். ஆனால் இப்போதுதான் படிக்கிறவனுக்குப் பின்னால் வந்த வசதிகள்தான் பெரிய உதவி. 2018-ல் ஜாவா 11 வந்ததிலிருந்து ஒற்றைக் கோப்பைத் தனியாகக் கம்பைல் செய்யாமலே ஓட்டலாம், பழைய கிளாஸ் கோப்பு ஓடுகிற தொல்லையே அங்கே இல்லை. காலியாக இருக்கிற பெயரைப் பயன்படுத்தி நல் பாயின்டர் பிழை விழுந்தால், ஜாவா 8 வெறும் வரி எண்ணோடு நிறுத்திக்கொள்கிறது. எந்தப் பெயர் காலியாக இருந்தது என்று சொல்கிற வசதி 2020-ல் ஜாவா 14-ல் வந்து, 15-லிருந்து தானாகவே வேலை செய்கிறது. வீட்டு லேப்டாப்பில் நான் ஜாவா 21 போட்டுக்கொண்டேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

இரண்டாவது, தமிழ். மேலே சொன்ன 'மாடு', 'வந்தார்' எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தட்டியவை. தொழிலாளிகளின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே அச்சிடவேண்டும் என்பது என் ஆசை. சென்டர் மெஷினில் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறி வரிசைதான் வருகிறது. மேடம் இதைத் தொடவே மாட்டேன் என்கிறார், சிலபஸில் இல்லையாம். நானே தேடிப் பிடித்தவரை: கேள்விக்குறி வந்தால், வெளியே அனுப்பும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. காலிக் கட்டம் வந்தால், எழுத்து வந்துவிட்டது, காட்டுவதற்கு ஃபாண்ட் இல்லை. சம்பந்தமில்லாத ஐரோப்பிய எழுத்துகள் வந்தால், நம் கோப்பை வேறு குறியீட்டில் படித்துவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. 2022-ல் வந்த ஜாவா 18-லிருந்து தமிழையும் சேர்த்து எல்லா எழுத்தையும் கொள்கிற யுடிஎஃப்-8 குறியீடுதான் இயல்பு என்றாலும், விண்டோஸின் கருப்புத் திரைக்கு அதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் நடக்கிற வகுப்பில் இதற்கு ஒரு ஞாயிறு ஒதுக்கக்கூடாதா? அந்த ஒரு மார்க் இதற்குத்தான் போனது.

டிபக்கரை (புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்கிற கருவி) ரொம்பத் தாமதமாகத்தான் காட்டுகிறார் என்பதும் உண்டு. பிரிண்ட் வரி போட்டே பழகவேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் புரோகிராம் எழுதுகிற எக்லிப்ஸ் சாஃப்ட்வேரில் ஒரு பிரேக்பாயின்ட் (நிறுத்தவேண்டிய வரிக்கு அடையாளம்) வைத்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தி, ஷிப்ட் 1.0 ஆகிற அந்த நொடியைக் கண்ணால் பார்த்தபோது, இதை முன்னாலேயே காட்டியிருக்கலாமே என்று தோன்றியது. கேட்டதற்கு, "என்ன தேடறோம்னு தெரியாம எங்க நிறுத்துவீங்க?" என்றார். பதில் சரிதான், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கீழே லேபிள் மெஷின் ஓடுகிற நாளில் ஜன்னலைச் சாத்தவேண்டும், சாத்தினால் புழுங்கும். சித்திரை, வைகாசியில் சேருவதாக இருந்தால் ஃபேனுக்குக் கீழே இருக்கிற சீட்டைப் பிடியுங்கள். லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. வாத்தியார் நடுவில் ஒரு தடவை நின்றுதான் ஏறுகிறார். வண்டியைத் தெருவில் இடது பக்கம் போடுங்கள், வலது பக்கம் போட்டால் லேபிள் கடைக்காரர் கத்துவார். முனையில் இருக்கிற பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் நன்றாக இருக்கும், ஆனால் இடைவேளை பத்து நிமிஷம்தான், பன் சூடாக வர அதைவிட அதிகமாகும்.

ஃபீஸ் மாதம் 1,500. முதல் ஞாயிறு சும்மா உட்கார்ந்து பார்க்கலாம், பிடித்தால் சேரலாம். காலை பேட்ச் எப்போதும் நிரம்பியிருக்கும், மத்தியான பேட்சில் இடம் கிடைக்கும். பணம் கட்டினால் ரசீது தானாகத் தரமாட்டார், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.